ஃபுட்பால் போகட்டும், வாலிபால் எதுக்குப் போகணும்?

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் என்று ஆரம்பித்தாலே பாதிப் பேர் அடுத்த பதிவுக்குத் தாவி விடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்க. இது ஆட்டத்தைப் பற்றிய பதிவு இல்லை, பாகப்பிரிவினை பற்றிய பதிவு. அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதில் சம்பந்தமே இல்லாத பிள்ளைகள் மிதிபடுவார்களே, அந்தக் கதை.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. இங்கே கல்லூரிகள் 'காண்ஃபரன்ஸ்' என்று கூட்டணி கட்டிக்கொண்டுதான் விளையாடுகின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், பஸ்ஸில் போய் ஆடிவிட்டுத் திரும்பலாம், அதான் அடிப்படை. 1953ல் கரோலினா, மேரிலாந்து பக்கத்துக் கல்லூரிகள் ஏழு சேர்ந்து ஆரம்பித்ததுதான் அட்லாண்டிக் கோஸ்ட் காண்ஃபரன்ஸ். சுருக்கமாக ஏசிசி. க்ளெம்சன் அதில் ஆதி உறுப்பினர். ஃப்ளோரிடா ஸ்டேட் 1991ல் வந்து சேர்ந்தது.

அப்புறம் டிவி வந்தது. டிவி பணம் வந்தது. மற்றதெல்லாம் நீங்களே ஊகிக்கலாம் :-)

எஸ்ஈசி, பிக் டென் என்ற இரண்டு பெரிய கூட்டணிகளின் டிவி ஒப்பந்தங்கள் எகிறிப் போக, ஏசிசியின் ஒப்பந்தம் 2036 வரைக்கும் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அந்த இரண்டு கூட்டணிக்காரர்களோடு ஒப்பிட்டால் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர் பின்தங்கிப் போவோம் என்று ஃப்ளோரிடா ஸ்டேட் 2023லேயே புலம்ப ஆரம்பித்துவிட்டது. ஆனால் விட்டுப் போக முடியாது. ஏன்? 2013லும் மறுபடி 2016லும் எல்லா உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம். "என் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் டிவி உரிமை 2036 வரை கூட்டணிக்கே சொந்தம், நான் வெளியே போனாலும்" என்பது அதன் சாரம். வீட்டை விட்டுப் போகலாம், சம்பளம் மட்டும் இங்கேதான் வரும்!

2023 டிசம்பரில் வெடித்தது. ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13லும் ஜெயித்தது. கூட்டணி சாம்பியன். ஆனாலும் நாலு அணிகள் ஆடும் ப்ளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை. அவர்களுடைய க்வார்ட்டர்பேக் காயம்பட்டுப் போனதால் அணி பலவீனம் என்று சொல்லி, ஒரு ஆட்டம் தோற்றிருந்த அலபாமாவை உள்ளே எடுத்துவிட்டார்கள். (நியாயமா என்று கேட்டால், இல்லவே இல்லை. அதுக்குத் தனிப் பதிவே போடலாம்.) அதே மாதம் கேஸ். இவர்கள் போடுவதற்கு முந்தின நாளே ஏசிசி வட கரோலினாவில் முந்திக்கொண்டு கேஸ் போட்டுவிட்டது. வெளியே போக மொத்தம் 57.2 கோடி டாலர் இழக்க வேண்டியிருக்கும் என்பது ஃப்ளோரிடா ஸ்டேட் சொன்ன கணக்கு. 2024 மார்ச்சில் க்ளெம்சனும் கோர்ட் படியேறியது.

இதில் எனக்கு ஃப்ளோரிடா ஸ்டேட் மேல் பெரிய அனுதாபம் கிடையாது. இரண்டு தடவை கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்தான். அந்தக் காகிதத்தைக் கொடுமை என்று சொல்கிறவர்கள் மேற்குக் கரையைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

அங்கே பாக்-12 என்று ஒன்று இருந்தது. 1915லிருந்து வந்த பரம்பரை. அதன் டிவி ஒப்பந்தம் 2024ல் முடியப் போகிறது, அதுக்கப்புறம் யாரையும் கட்டிப்போட எந்தக் காகிதமும் இல்லை. 2022 ஜூன் கடைசியில் யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போகிறோம் என்றன. 2023 கோடையில் கொலராடோ. ஆகஸ்ட் 4ந் தேதி, ஒரே நாளில், ஐந்து பேர். செப்டம்பர் 1ந் தேதி ஸ்டான்ஃபர்டும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியும் ஏசிசிக்கு. பன்னிரண்டில் மிச்சம் ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டே பேர். நூறு வருஷத்துக் கூட்டணி, பதினாலு மாசத்தில் காலி. ஏசிசி மட்டும் இன்றும் நிற்கிறது என்றால் எல்லோரும் திட்டின அந்தக் காகிதம்தான் காரணம்.

ஆனால் என் ஆத்திரம் காகிதத்தைப் பற்றி இல்லை. இப்போ மேலே சொன்ன இடமாற்றங்களை மறுபடி பாருங்க. ஸ்டான்ஃபர்ட், அட்லாண்டிக் கரைக் கூட்டணியில். சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து பாஸ்டனுக்குச் சுமார் 4,300 கிலோமீட்டர், கடிகாரத்தில் மூணு மணி நேர வித்தியாசம். ஃபுட்பால் அணிக்கு இது பெரிய விஷயமில்லை. சீசனில் மொத்தமே 12 ஆட்டம், அதில் பாதி சொந்த ஊரில். தனி விமானம், வெள்ளிக்கிழமை போய் சனிக்கிழமை ஆடி ராத்திரியே திரும்பிவிடலாம்.

வாலிபால் பெண்களுக்கு? வாரத்துக்கு இரண்டு ஆட்டம். சாஃப்ட்பால், பேஸ்பால் என்றால் வாரக் கடைசியில் தொடர்ந்து மூணு ஆட்டம், சீசனுக்கு ஐம்பதுக்கு மேல். இவர்களும் அதே கூட்டணிக்குப் போயே ஆக வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவரின் மகள் மேற்குப் பக்கத்தில் ஒரு பல்கலையில் வாலிபால் ஆடுகிறாள். எந்தப் பல்கலை என்பது வேண்டாம். "புதன்கிழமை ராத்திரி கிளம்பினா திங்கள்கிழமை காலையில ரூமுக்கு வர்றா சார், கெமிஸ்ட்ரி லேப் மட்டும் மூணு விட்டுப் போச்சு" என்றார். அந்தப் பெண்ணின் ஆட்டத்தை ஸ்டேடியத்தில் எண்பதாயிரம் பேர் பார்க்கவில்லை. அவளுக்காக எந்தச் சேனலும் கோடியில் ஏலம் கேட்கவில்லை. பிரிந்து போனதுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏர்போர்ட்டில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவது மட்டும் அவள்.

நான் கேட்பது சிம்பிள். பணத் தகராறு ஃபுட்பாலுக்கு. ஃபுட்பால் மட்டும் போகட்டுமே? மற்ற விளையாட்டுகள் பக்கத்து ஊர்க்காரர்களோடு பழையபடி ஆடட்டும்.

நடக்காத காரியம் என்பார்கள். ஏற்கெனவே நடக்கிறது சார். நோட்டர் டேமைப் பாருங்க. ஃபுட்பாலில் எந்தக் கூட்டணியிலும் இல்லாமல் தனிக்காட்டு ராஜா, மற்ற பெரும்பாலான விளையாட்டுகளுக்கு 2013லிருந்து ஏசிசியில். நடுத்தெருவில் விடப்பட்ட ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் என்ன செய்தன? 2024ல் ஃபுட்பாலுக்கு ஒரு ஏற்பாடு, மற்ற பல விளையாட்டுகளுக்கு வெஸ்ட் கோஸ்ட் காண்ஃபரன்ஸில் தற்காலிக இடம். வேறு வழியில்லாதவர்களால் முடிந்தது, வசதியுள்ளவர்களால் முடியாதா?

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் கனெக்டிகட். யூகான் என்பார்கள். ஃபுட்பாலை மனசில் வைத்துத் தூர தூரக் கல்லூரிகளோடு ஒரு கூட்டணியில் சில வருஷம் இருந்து பார்த்தார்கள். கூடைப்பந்துக்குப் பேர்போன ஊர், பழைய எதிரிகள் யாரும் இல்லாமல் மைதானமே சுரத்தில்லாமல் போனது. 2020ல் 1.7 கோடி டாலர் தண்டம் கட்டிவிட்டு, ஃபுட்பாலைத் தனியாக விட்டு, பழைய பிக் ஈஸ்டுக்கே திரும்பி வந்தார்கள். வில்லனோவா, ஜார்ஜ்டவுன், பிராவிடன்ஸ், எல்லாம் பழகின முகங்கள். 2023, 2024 இரண்டு வருஷமும் ஆண்கள் கூடைப்பந்தில் தேசிய சாம்பியன். 2025ல் பெண்கள். வீட்டுக்கு வந்ததால்தான் ஜெயித்தார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கெட்டுப் போகவில்லை இல்லையா?

"ஃபுட்பால் சம்பாதிக்கிற காசில்தானே வாலிபாலுக்கே சாப்பாடு?" என்று ஒரு கேள்வி வரும். வாஸ்தவம். பெரிய கல்லூரிகளில் அப்படித்தான். ஆனால் சம்பாதிக்கிற அப்பா வெளியூர் போனால் காசை அனுப்பலாம், குடும்பத்தையே வாரா வாரம் ஃப்ளைட்டில் ஏற்ற வேண்டியதில்லை. நிஜக் காரணம் வேறு. பிக் டென், ஏசிசி, எஸ்ஈசி எல்லோருக்கும் சொந்தச் சேனல் இருக்கிறது. ஃபுட்பால் சனிக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் 24 மணி நேரமும் எதையாவது ஓட்ட வேண்டாமா? அதுக்குத்தான் சாஃப்ட்பாலும் வாலிபாலும். இடத்தை நிரப்புகிற சரக்கு.

ஏசிசி கேஸ் 2025 மார்ச்சில் சமாதானமாக முடிந்தது. டிவி பணத்தில் 60 சதவீதம் யாருடைய ஆட்டத்தை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அதன்படி, மிச்சம் 40 எல்லோருக்கும் சமம். வெளியே போகும் விலை 16.5 கோடி டாலரில் ஆரம்பித்து வருஷத்துக்கு 1.8 கோடி குறைந்து 2030-31ல் 7.5 கோடி. கட்டினால் டிவி உரிமையையும் எடுத்துக்கொண்டு போகலாம். பிக் டென்னின் இப்போதைய டிவி ஒப்பந்தம் முடிவதும் 2030 கோடையில்தான். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பூகம்பம் அங்கே. வக்கீல்கள் பக்கம் பக்கமாக எழுதின அந்தச் சமாதானத்தைப் பற்றி வந்த செய்திகள் எல்லாம் படித்தேன். பணம் எப்படிப் பிரியும், யார் எப்போ போகலாம் என்பதுதான் முழுக்க. பேஸ்பால் பையன் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வான் என்ற பேச்சே இல்லை.

பி.கு: கணக்கில் புலிகள் யாராவது விளக்கினால் நல்லது. பிக் டென்னில் இப்போ 18 கல்லூரிகள். பிக் 12ல் 16. அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் பசிபிக் கரைக் கல்லூரி இரண்டு. கேஸ் போட்டு அடித்துப் பிடித்து 13-0 என்று நின்ற ஃப்ளோரிடா ஸ்டேட், அடுத்த சீசனில் 2-10.