மாதவிடாய் நிறுத்தத்தை நெருங்கும் காலத்தில் புரோஜெஸ்டிரோன்: எச்சரிக்கை நீக்கத்தை எவ்வாறு புரிந்துகொள்வது?

மாதவிடாய் நிறுத்தக்கால ஹார்மோன் மருந்துகளின் மீதிருந்த இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் குறித்த கட்டமிட்ட எச்சரிக்கைகளை நீக்குவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில் அறிவித்தது. ஒன்று மட்டும் தொடர்கிறது: ஈஸ்ட்ரோஜெனைத் தனியாக உட்கொண்டால் கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் தோன்றக்கூடும் என்பது. கருப்பை அகற்றப்படாதவர்களுக்குப் புரோஜெஸ்டிரோனும் சேர்த்து வழங்கப்படுவது இதனாலேயே.

பழைய அச்சம் 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றிலிருந்து எழுந்தது. அதில் பங்கேற்றோரின் சராசரி வயது 63; புரோஜெஸ்டிரோனுக்கு மாற்றாக அளிக்கப்பட்டதும் செயற்கை வகை மருந்து. நாற்பதுகளில் உள்ள உங்களுக்கு அம்முடிவுகள் அப்படியே பொருந்தா.

புரோஜெஸ்டிரோன் மட்டும் போதுமா? 2023இல் வெளியான கனடா ஆய்வில், இரவில் 300 மில்லிகிராம் உட்கொண்ட பெண்கள் வியர்வை குறைந்ததாகவும் உறக்கம் மேம்பட்டதாகவும் உணர்ந்தனர். ஆயினும் முதன்மை அளவீட்டில் போலி மாத்திரையுடன் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே மிகையான எதிர்பார்ப்பு வேண்டா.

இம்மருந்து மயக்கம் தரும். படுக்கும் முன் உட்கொள்க. சில தயாரிப்புகளில் நிலக்கடலை எண்ணெய் உண்டு. ஒவ்வாமை இருப்பின் முன்னரே கூறுக. இது கருத்தடை மருந்தன்று.

பொத்தேரி, தாம்பரம் பகுதியினர் மருந்துக் கடையில் தாமாக வாங்காமல், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நலப் பிரிவை அணுகலாம். மிகுந்த உதிரப்போக்கோ, ஓராண்டு நின்றபின் மீண்டும் உதிரமோ காணப்பட்டால், ஹார்மோன் தொடங்கும் முன் பரிசோதனை கட்டாயம்.