மூப்பின் மீது பழி சுமத்தாதீர்!

அஸர் தொழுகையை முடித்துவிட்டுத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருக்கிறார் ஒரு மூதாட்டி. ஐந்து நிமிடம் கழிகிறது. "அஸருக்குப் பாங்கு சொல்லியாச்சா?" என்று கேட்கிறார். "தொழுதுட்டீங்களே, மூத்தும்மா" என்கிறாள் பேத்தி. தலையசைக்கிறார். இன்னும் ஐந்து நிமிடம். மீண்டும் அதே வினா. முப்பதாண்டுகளுக்கு முன் மவுத்தாகிவிட்ட கணவர் கடையிலிருந்து இன்னும் திரும்பவில்லையே என்று வாசலை நோக்குகிறார். பெற்ற மகனையே பார்த்து, "நீங்க யாரு வாப்பா?" என்கிறார். பார்க்க வந்த உறவினரிடம் வீட்டார் கூறும் விளக்கம் ஒரே வரிதான்: "வயசு எண்பதாச்சு, ஓர்மை தப்பிட்டுது. எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்."

நம் ஊர்களில் ஆயிரம் வீடுகளில் ஒலிக்கும் இந்த வரியை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். அல்லாஹ்வின் நாட்டத்தை மறுக்கும் துணிவு எந்த முஃமினுக்கும் வராது. ஆனால் நம்முடைய அசட்டைக்கு அவனுடைய நாட்டத்தைப் போர்வையாக்கும் வழக்கத்தை மறுக்கத்தான் வேண்டும். கடையில் நட்டம் வந்தால் 'நாட்டம்' என்று கணக்கேட்டை மூடிவிடுகிறோமா? மகனுக்கு விசா கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார வைத்துவிடுகிறோமா? அங்கெல்லாம் காரணம் தேடுகிறோம், வழி தேடுகிறோம், நாலு பேரைக் கேட்கிறோம். பெற்ற தாயின் மூளையை மட்டும் எந்த விசாரணையுமின்றி விதியிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கு 'தவக்குல்' என்று பெயரும் சூட்டிவிடுகிறோம்.

திருமறை, மனித வாழ்வின் படித்தரங்களைச் சொல்லுமிடத்தில், அறிந்திருந்த யாவும் அறியாமற் போகும் தளர்ந்த பருவத்தைச் சுட்டிக் காட்டுவது உண்மை. 'அர்தலில் உமுர்' என்று ஆலிம்கள் விளக்கும் பருவம் அது. ஆனால் அவ்வசனம், மனிதர்களில் சிலர் அந்நிலைக்குத் தள்ளப்படுவதாகத்தான் கூறுகிறது. முதுமையடைந்தோர் அனைவரும் என்று கூறவில்லை. மேலும், அந்த நிலையை விட்டும் பெருமானார் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியதை ஹதீது நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. கடன் சுமையை விட்டும் அவர்கள் பாதுகாவல் தேடினார்கள். அதனால் கடன்படுவது மனிதனின் மாறா நியதி என்று நாம் பொருள் கொள்வதில்லை; கடன்படாதிருக்க முயல்கிறோம். தளர்ந்த பருவத்தைப் பற்றிய துஆவுக்கு மட்டும் வேறு பொருள் கொள்வது எந்த வகையில் நியாயம்?

மருத்துவ வரலாறு என்ன சொல்கிறது? 1901-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணி கொண்டுவரப்பட்டார். தம் பெயரை எழுதச் சொன்னால் தொடங்குவார். பாதியிலேயே மறந்து நிற்பார். அவரைப் பரிசோதித்த மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர், 1906-இல் அவர் இறந்தபின் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் படிந்திருந்த திட்டுகளையும் முறுக்குண்ட இழைகளையும் கண்டு உலகுக்குச் சொன்னார். அந்தப் பெண்மணி மருத்துவமனைக்கு வந்தபோது அவருக்கு வயது 51. முதியவர் அல்லர்! இந்நோயின் முதல் ஏட்டிலேயே 'வயசாச்சு' என்ற வாதம் தோற்றுவிட்டது. முதுமையில் இந்நோய் மிகுதியாக வருகிறது. அதனால் முதுமையே நோயாகிவிடாது. 'முதுமை மறதி' என்று தமிழில் நாம் வைத்த பெயரே அந்தத் தவற்றுக்குத் துணைபோகிறது.

அத்திட்டுகள் அமைலாய்டு என்ற புரதத்தாலும், இழைகள் டாவ் என்ற புரதத்தாலும் ஆனவை என்று இன்று அறிவோம். மறதி வெளியில் தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அமைலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. எண்பதில் பிறர் கண்ணுக்குத் தெரியும் நோய், அறுபதிலேயே குடிபுகுந்துவிட்டது என்பது இதன் பொருள். இரத்தக் குழாய்கள் அடைபட்டு, மூளையின் சிறு சிறு பகுதிகள் செத்துப் போவதால் வரும் மறதி இன்னொரு வகை. இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

"அப்படியானால் மருந்து கண்டுபிடிக்கட்டும், வாங்கிக் கொடுக்கிறோம்" என்று சொல்லும் செல்வந்தர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். அமைலாய்டைக் கரைக்கும் மருந்தைத் தேடிப் பல்லாண்டுகளாகப் பெரும்பணம் செலவாகியிருக்கிறது. 2021-இல் அமெரிக்கா அனுமதித்த அடுகானுமாப் என்னும் மருந்தை, 2024-இல் அதைத் தயாரித்த நிறுவனமே கைவிட்டது. அதே 2024-இல், இத்துறையில் பலர் மேற்கோள் காட்டிவந்த 2006-ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரை ஒன்று, அதன் படங்களில் முறைகேடு காணப்பட்டதால் திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் முழு அனுமதி பெற்ற லெகானெமாப், 1,795 பேரிடம் 18 மாதம் சோதிக்கப்பட்டது. நோய் தேயும் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. கேட்க இனிக்கிறது. ஆனால் 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அந்த வேறுபாடு அரைப் புள்ளிக்கும் குறைவு. நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கே அது பயன்படும். எட்டுப் பேரில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் தென்பட்டது. அமெரிக்காவில் அறிமுகமானபோது ஓராண்டுக்கு விலை 26,500 டாலர். மறந்ததை அது மீட்டுத் தராது; நோயைத் தடுத்து நிறுத்தவும் செய்யாது. இந்த ஆராய்ச்சியை நான் இகழவில்லை. நூறாண்டுக்கு மேலாக மூடிக்கிடந்த கதவு சற்றே திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குள் செய்ய வேண்டியதைச் செய்யாதிருப்பதைத்தான் இகழ்கிறேன்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது என்ன? ஆராய்ச்சியின் இன்னொரு கிளை அதற்கு விடை தருகிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு, 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் 14 காரணங்களை வரிசைப்படுத்தியது: இளமையில் கல்விக் குறைவு, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, பருமன், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு, கண்பார்வைக் குறைவு, தனிமை. இவை முழுமையாக நீங்குமானால் உலகில் 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. மீதிப் பாதி இன்னும் நம் கைக்கு எட்டாதது. அங்கே சபூர் செய்வோம். கைக்கெட்டும் பாதியில் சபூர் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இந்தப் பட்டியலின் முதற்காரணத்தை நம் சமுதாயம் நின்று கவனிக்க வேண்டும். இன்று எழுபது, எண்பது வயதை எட்டியிருக்கும் நம் உம்மாமார்கள் எத்தனையாவது வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள்? 'பெரியவளாகிவிட்டாள்' என்ற ஒரே காரணத்துக்காகப் புத்தகப் பையைப் பிடுங்கிப் பரணில் போட்டவர்கள் யார்? இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களில் 5.8 விழுக்காடு, பெண்களிலோ 9 விழுக்காடு. பெண்களின் நீண்ட ஆயுள் ஒன்றே இதற்குக் காரணம் என்று தப்பிக்க முடியாது. எழுத்தறிவில்லாதோரிடம் நோய் மிகுதி என்பதையும் அதே ஆய்வு கண்டது.

படிப்புக்கும் மூளை நோய்க்கும் என்ன தொடர்பு? கற்கும் மூளை தன் நரம்பணுக்களுக்கிடையே மிகுதியான இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கிறது. நோய் சிலவற்றை அழித்தாலும், மாற்றுவழிகளில் வேலை நடக்கிறது. வருமானம் நின்ற காலத்தில் பழைய சேமிப்பு குடும்பத்தைத் தாங்குவது போன்றதே இதுவும். அமெரிக்காவில் 678 கிறிஸ்தவக் கன்னித்துறவியரை டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் முதுமைவரை தொடர்ந்து கவனித்தார். இறந்தபின் அவர்களது மூளைகள் ஆராயப்பட்டபோது, சிலருடைய மூளையில் அல்ஸைமர் திட்டுகள் நிறைந்திருந்தன. ஆனால் வாழ்நாளின் இறுதிவரை அவர்கள் தெளிவோடு இருந்தார்கள்! இளமையில் செறிவாக எழுதத் தெரிந்திருந்தவர்களிடம் நோய் குறைவாகவே காணப்பட்டது. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இருமொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்தது தெரிந்தது. பள்ளிக்கே செல்லாதவர்களிடமும் அவ்வேறுபாடு இருந்தது.

"எங்கள் பாட்டிமார் பள்ளிக்கா போனார்கள்? கடைசிவரை கணீரென்று பேசவில்லையா?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். அந்தப் பாட்டிமார் குர்ஆன் ஓதினார்கள். அரபுத்தமிழில் மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் வாசித்தார்கள். தமிழெழுத்துத் தெரியாததால் எழுத்தறிவற்றவர்கள் எனப் பெயர் வாங்கினாலும், வாசிப்பை அறியாதவர்கள் அல்லர். அந்த அரபுத்தமிழையும் தொலைத்தோம். அதன் இடத்தில் பள்ளிப் படிப்பையும் முழுமையாகக் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறைப் பெண்கள் வெறுங்கையோடு நின்றார்கள். இன்று நிலைமை மாறியிருக்கிறது; மகளிர் கல்லூரிகளை நாமே நடத்துகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நல்ல வரன் வந்தவுடன் பட்டப்படிப்பைப் பாதியில் நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்குவது ஒரு சான்றிதழை மட்டும் என்று எண்ண வேண்டாம். எண்பது வயதில் அவள் ஊன்றி நிற்க வேண்டிய கைத்தடியையும் சேர்த்துப் பிடுங்குகிறோம்.

அடுத்து இரத்த அழுத்தம். ஆண்களுக்கு மாத்திரை நேரத்துக்கு வருகிறது. பெண்களோ, "தலைவலி இல்லையே, எதற்கு மாத்திரை?" என்று தாமே நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தியதை வீட்டில் எவரும் அறிவதில்லை. சீனாவின் 326 கிராமங்களில் சுமார் 34,000 பேரிடம் நான்காண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2025-இல் வெளியாயிற்று. பெரிய மருத்துவர்கள் எவருமில்லை. கிராம மருத்துவப் பணியாளர்களே அழுத்தத்தைச் சோதித்து, மருந்து கொடுத்து, விடாது கண்காணித்தார்கள். மறதி நோய் 15 விழுக்காடு குறைந்தது! 26,500 டாலர் மருந்துக்கு முன்னால் சில காசு மாத்திரையின் சாதனை இது. நம் தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதே மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி வைத்தால் போதாது. விழுங்கப்பட்டதா என்று பார்க்கும் கண் வேண்டும்.

காது மந்தமானால் கண்ணாடி போட்டுக்கொள்வது போலக் கருவி பொருத்திக்கொள்ள நமக்கு ஏன் வெட்கம்? கேளாத காதால் பேச்சு குறைகிறது. பேச்சு குறைந்தால் கூட்டத்திலும் தனிமை. தனிமையில் மூளை வாடுகிறது. 977 முதியோரிடம் நடந்த 2023-ஆம் ஆண்டு ஆய்வில், எல்லோருக்கும் இக்கருவி பயன் தரவில்லை. ஆனால் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்திருந்தவர்களிடம் மூன்றாண்டுகளில் அறிவுத் தேய்வு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இறுதியாக, தாயத்துக்கும் நினைவாற்றல் லேகியத்துக்கும் பணத்தை இறைப்போருக்கு ஓர் எச்சரிக்கை. தைராய்டு சுரப்புக் குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, மருந்துகளின் பக்கவிளைவு, விழுந்து அடிபட்டதால் தலைக்குள் உறைந்த இரத்தம் ஆகியனவும் மறதி நோய் போலவே தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு! இரத்தப் பரிசோதனையாலும் மூளைப் படத்தாலும் கண்டறியக்கூடியதை, "பார்வை பட்டுவிட்டது" என்று ஊதிப் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் கடத்துவது பாவமன்றோ? ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓதிக்கொண்டே அழைத்துச் செல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு பகுதியை எடுத்து, மாதம் ஒருமுறை மஹல்லாப் பெண்களுக்கு அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பைத்துல்மாலிலிருந்து ஏழை முதியோருக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுங்கள். நிக்காஹ் பேச வருவோரிடம், பெண்ணின் படிப்பு முடியட்டும் என்று துணிந்து சொல்லுங்கள். ஓர்மை தப்பிய மூதாட்டியை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு கிடைக்க, அந்த வீட்டு ஆண்களை அழைத்துப் பேசுங்கள். முதுமையடைந்த பெற்றோரிடம் 'சீ' என்று கூடச் சொல்லலாகாது என்ற கட்டளை மகன்களுக்குத்தான் முதலில் வந்தது. அந்தக் கடமை மருமகளின் தலையில் மட்டும் இறக்கி வைக்கப்படவில்லை.

நாளையும் அந்த மூதாட்டி, "அஸருக்குப் பாங்கு சொல்லியாச்சா?" என்று கேட்பார். பத்தாவது முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். பதில் சொல்லும் அந்தப் பேத்தி நாளைக் காலையில் பள்ளிக்குப் போகிறாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்த பருவத்தின் இழிவை விட்டும் நம்மையும் நம் பெற்றோரையும் நம் பெண்மக்களையும் காக்குமாறு அல்லாஹ்விடம் கையேந்துவோம். ஏந்திய கை, அதன்பின் செய்ய வேண்டிய வேலையையும் செய்யட்டும். ஆமீன்.