இரத்தம் கொடுத்தால் போதுமா?



நள்ளிரவில் தொலைபேசி ஒலித்து, "ஓ நெகட்டிவ் இரத்தம் வேண்டும்" என்று ஒரு குரல் கேட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் நமது இளைஞர்கள். கேட்பவர் எந்த மதம், எந்தச் சாதி என்று அவர்கள் விசாரிப்பதில்லை. இரத்தம் எடுப்பவர்கள் என்று நம்மைப் பழித்தவர்களுக்கு, இரத்தம் கொடுப்பவர்கள் என்று கையை நீட்டிப் பதில் சொன்னவர்கள் இவர்கள். 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி முதல் இரத்தத்தை விலைக்கு விற்பது தடை செய்யப்பட்டது. அதன் பிறகு மருத்துவமனைகள் தன்னார்வக் கொடையாளிகளையே நம்பி நிற்கின்றன. அந்த வரிசையில் நம்மவர்கள் முன்னணியில் நிற்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் இன்று உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்க வேண்டியிருக்கிறது. நமது மஹல்லாவில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்துவிட்டது. ஒரு யூனிட் இரத்தம் கொடுத்தோம். ஜும்ஆ முடிந்ததும் வாசலில் துண்டு விரித்து வசூல் செய்து கொடுத்தோம். போட்டோ எடுத்து அனுப்பினோம். அத்துடன் நம் கடமை முடிந்துவிட்டதா?

இல்லை சகோதரர்களே! அங்கேதான் கடமை தொடங்குகிறது.

இது ஒரு நாள் நோய் அல்ல

விபத்தில் அடிபட்டவருக்கு ஓர் இரவு உதவினால் போதும் என்று இருக்கலாம். இரத்தப் புற்றுநோய் அப்படியல்ல. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ஒரு வகை லுக்கேமியாவுக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் சிகிச்சை தொடர வேண்டும். பெரியவர்களுக்கு வரும் இன்னொரு வகைக்குப் பல ஆண்டுகள் தினந்தோறும் மாத்திரை சாப்பிட வேண்டும். நிணநீர் முடிச்சுகளில் வருவது லிம்ஃபோமா. வயதானவர்களின் எலும்பைப் பெரும்பாலும் தாக்குவது மைலோமா. இது அடங்கி, மீண்டும் தலைதூக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து, வேறு வேறு காலம்.

முதல் மாதத்தில் உறவினர் கூட்டம் மருத்துவமனை வாசலில் நிற்கிறது. ஆறாவது மாதத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? காய்ச்சல் நின்றுவிட்டது, பிள்ளை ஓடியாடி விளையாடுகிறது, இனி எதற்குப் பணம் செலவழித்து அலைய வேண்டும் என்று பாதியில் சிகிச்சையை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. வசதி படைத்த நாடுகளில் இந்தக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைத்துக்கொள்கிறார்கள். ஏழை நாடுகளில் பிழைப்பவர்கள் குறைவு. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவது!

அப்படியானால் அந்தப் பிள்ளையின் உயிர் மருத்துவர் கையில் மட்டுமா இருக்கிறது? பதினெட்டாவது மாதத்திலும் பஸ் கட்டணத்தைக் கொடுத்து, "இந்த வாரம் ஊசிக்குப் போனீர்களா?" என்று கேட்கும் அண்டை வீட்டுக்காரர் கையிலும் இருக்கிறது அல்லவா?

மறைப்பதும் தாமதிப்பதும்

நம் வீடுகளில் இந்த நோயின் பெயரையே சொல்ல மாட்டார்கள். "பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளை சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்ற அச்சம்தான். இந்த நோய் தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டால் பரவாது. பெரும்பாலும் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும் பரம்பரை நோயும் அல்ல. இதை நாம் மிம்பரிலிருந்து சொல்ல வேண்டும். வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும்.

விடாத காய்ச்சல், காரணமில்லாத சோர்வு, முகம் வெளிறிப்போவது, ஈறில் இரத்தம் கசிவது, அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்புகள், கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி, வயதானவர்களுக்குத் தீராத முதுகு வலி. இவை இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் சாதாரண இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்து பார்த்துவிடுங்கள். சந்தேகத்துக்கு முதல் பதில் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

தாயத்துக்காரரிடம் ஒரு மாதம், நாட்டு வைத்தியம் என்று விளம்பரம் செய்பவரிடம் இரண்டு மாதம் என்று தொலைத்துவிட்டு வருகிறார்கள். சில வகை லுக்கேமியா சில வாரங்களிலேயே உயிரைப் பறித்துவிடக் கூடியது. துஆ செய்யுங்கள். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் மருந்து செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டதும் நமது மார்க்கம்தானே? மருத்துவரிடம் போவது தவக்குலுக்கு எதிரானது என்று எந்த ஆலிமும் சொல்ல முடியாது.

ரமளானில் இன்னொரு சிக்கல். மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பு பிடிக்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். நோயாளிக்குச் சலுகை தந்திருப்பவன் அல்லாஹ். அந்தச் சலுகையை ஏற்பதில் வெட்கம் என்ன? தன் சிகிச்சையின் நிலையை மருத்துவரிடமும், களாவா ஃபித்யாவா என்பதை ஆலிமிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நிலைத்து நின்றவர்கள் வென்றார்கள்

நாட்பட்ட லுக்கேமியாவில் ஒரு வகைக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை சில ஆண்டுகளில் முடிந்துபோன வாழ்க்கை, இந்த மாத்திரையால் நீண்டது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே கடை நடத்துபவர்கள், பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள்.

ஆனால் விலை? சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் 'கிளிவெக்' மாத்திரைக்கு அப்போது மாதம் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்துக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் வரை இருந்தது. அந்த நிறுவனம் காப்புரிமை கேட்டது. கிடைத்திருந்தால் இந்திய மருந்து கடையிலிருந்து மறைந்திருக்கும். புற்றுநோயாளிகளுக்கு உதவும் அமைப்பு ஒன்று எதிர்த்து நின்றது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு மேலே மேலே போனது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஒரு நாள் ஆர்ப்பாட்டத்தில் கிடைத்த வெற்றியல்ல இது. கோப்புகளைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களின் வெற்றி. கோஷம் போடத் தெரிந்த நமக்குக் கோப்பு சுமக்கவும் தெரிய வேண்டாமா?

இளைஞர்களே, இரண்டு வேலைகள்

முதலாவது, பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள். கீமோ சிகிச்சையில் இருப்பவருக்கு இவை சரிந்துவிடும். இரத்தக்கசிவு உயிருக்கே ஆபத்தாகும். எடுத்த தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. எனவே சேமித்துக் குவிக்க வழியில்லை. ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். கருவியின் மூலம் தட்டணுவை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மீதி இரத்தத்தை நம் உடலுக்கே திருப்பித் தந்துவிடுவார்கள். ஒன்றரை மணி நேரமோ, அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஆகலாம். முழு இரத்தம் கொடுத்தால் ஆண்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். தட்டணுவை ஆண்டுக்கு 24 முறை வரை கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்ய வாய்ப்புள்ள நோயாளிக்கு, உடன்பிறந்தவர்களும் நெருங்கிய இரத்த உறவினர்களும் இரத்தம் கொடுப்பதை மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். பின்னால் அவர்களுடைய மஜ்ஜையை நோயாளியின் உடல் ஏற்காமல் போகலாம் என்பதே காரணம். அண்ணன் தம்பி நால்வர் இருந்தும் வெளியாளின் கையை எதிர்பார்த்து நிற்கும் குடும்பம் அது. அந்த வெளியாள் நீங்கள்தான்!

இரண்டாவது, ஸ்டெம் செல் பதிவு. மஜ்ஜை மாற்று சிகிச்சை நம் மண்ணுக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986லேயே அது தொடங்கிவிட்டது. சிக்கல், பொருந்தும் கொடையாளி கிடைப்பதில்தான். ஒரு தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று மட்டுமே. கிடைக்காதவர்கள் பதிவேட்டில் வெளியாளைத் தேட வேண்டும். இந்தப் பொருத்தம் வம்சவழியைச் சார்ந்தது. ஒரு தமிழனுக்குப் பொருந்துபவர் தமிழர்களிடையே கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஜெர்மனியின் மக்கள் தொகை எட்டுக் கோடிச் சொச்சம். அங்கே பதிவு செய்த கொடையாளிகள் ஏறத்தாழ ஒரு கோடி. 140 கோடியைத் தாண்டிய நம் நாட்டிலோ சில லட்சம் பேர்தான்!

பதிவு செய்வது எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும். சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட 'தாத்ரி' போன்ற பதிவேடுகள் இதைச் செய்கின்றன. என்றாவது பொருந்தினால் அழைப்பார்கள். ஐந்து நாள் ஊசி போட்டு, தட்டணு எடுப்பதைப் போலவே சில மணி நேரத்தில் எடுத்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் உடல் வலி இருக்கும், பிறகு போய்விடும். கொடுத்தது உடலில் மீண்டும் ஊறிவிடும். இது கூடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: இரத்தத்தைப் போல உடலில் தானாக மீண்டும் உருவாகக் கூடியதைக் கொடுப்பது, நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்பட்டது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988லேயே முடிவு செய்திருக்கிறது.

ஆனால் ஒன்று! அழைப்பு வரும்போது பின்வாங்குவதானால் பெயர் கொடுக்காதீர்கள். அங்கே நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு உங்களுக்காகக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று சொன்னால் அது கொலைக்குச் சமம். பதிவு செய்யும் முன்பே தாயிடமும் மனைவியிடமும் பேசிவிடுங்கள். கொடுத்த வாக்கு அமானிதம்.

நலம் விசாரிக்கப் போகிறவர்களே

நோயாளியைச் சென்று விசாரிப்பது சுன்னத். ஆனால் வெள்ளை அணுக்கள் சரிந்து கிடப்பவருக்கு நமது சாதாரண ஜலதோஷமும் ஆபத்து. பத்துப் பேராகப் போய்க் கட்டிலைச் சூழ்ந்துகொண்டு, கைகொடுத்து, முஆனகா செய்வது அன்பல்ல. வாசலில் நின்று ஸலாம் சொல்லுங்கள். முகக்கவசம் அணியுங்கள். தொலைபேசியில் துஆ செய்யுங்கள். "இன்னாருக்கும் இதே நோய்தான், மவ்த்தாகிவிட்டார்" என்ற கதைகளைத் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வணிகப் பெருமக்களே

ரமளானில் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் சில்லறையும் சேலையும் ஜகாத்தாகப் போகிறது. அதே பணத்தில் ஒரு பகுதியைப் பைத்துல்மாலில் திரட்டி, மருந்துக்காகக் கடனில் மூழ்கிய ஒரு குடும்பத்தை மூன்று ஆண்டுகளுக்குத் தாங்கினால் என்ன? ஏழைக்கும் கடனாளிக்கும் ஜகாத்தில் பங்கு உண்டே! உங்கள் கடையில் வேலை பார்ப்பவருக்கு இந்த நோய் வந்தால் அவருடைய வேலையைப் பறிக்காதீர்கள். சிகிச்சை நாளில் விடுப்பு கொடுங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலையாகக் கொடுங்கள். அதுவும் ஸதகாதான்.

அரசு தரும் உரிமைகளையும் விட்டுவிடக் கூடாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. சிகிச்சைக்கு ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை. துணைக்குச் செல்பவருக்கு நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இவை தெரியாமல் நகையை அடகு வைப்பவர்கள் எத்தனை பேர்!

கிளைக்கு இருவர் போதும்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கிளையிலும் இருவரை நியமியுங்கள். ஒருவர் ஆணாகவும் ஒருவர் பெண்ணாகவும் இருந்தால் நல்லது. தங்கள் பகுதியில் இந்த நோயுடன் வாழ்பவர்கள் யார், அடுத்த சிகிச்சை எந்தத் தேதி, காப்பீட்டு அட்டை இருக்கிறதா, தட்டணு தர யார் தயார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குடும்பத்தின் அனுமதியில்லாமல் பெயரை வெளியே சொல்லாதீர்கள்; படத்தைப் போடாதீர்கள். முஸ்லிம் வீடு மட்டுமல்ல, அந்தத் தெருவின் எல்லா வீடுகளும் அந்த நோட்டில் இருக்கட்டும்.

ஓர் உயிரைக் காப்பதன் மதிப்பு பற்றி அல்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 32ஆம் வசனத்தை மேடைதோறும் ஓதுகிறோம். இரத்ததான முகாம் பேனர்களில் அதை அச்சடிக்கிறோம். முகாம் முடிந்ததும் பேனரைச் சுருட்டி வைத்துவிடலாம். அந்த வசனத்தைச் சுருட்டி வைக்க முடியுமா?

நோயுற்ற நம் சகோதர சகோதரிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! கடைசி ஊசி வரை அவர்களுடன் நிற்கும் பொறுமையை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.