திருக்காட்டுப்பள்ளியில் நல்ல சைனீஸ் கிடைக்குமா?

தலைப்பைப் பார்த்தவுடனே "அதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆறு மணிக்கு மேல கிடைக்குதே" என்று சொல்பவர்கள் ஒரு கட்சி. "அதெல்லாம் சைனீஸே இல்லை, ஒரிஜினல் வேணும்னா சென்னைக்குத்தான் போகணும்" என்பவர்கள் இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியில் பெரும்பாலும் ஒரு வருஷம் வெளியூர் ஹாஸ்டலில் இருந்துவிட்டு லீவுக்கு வந்தவர்கள்தான் இருப்பார்கள். இரண்டு கட்சியும் பாதி சரி, பாதி தப்பு.

முதலில் ஹாஸ்டல் கட்சியைக் கவனிப்போம். ஒரிஜினல் சைனீஸ் என்றால் எந்த ஊர்ச் சாப்பாடு? செட்டிநாட்டுக் குழம்பையும் கொங்குநாட்டுப் பள்ளிபாளையம் சிக்கனையும் தஞ்சாவூர் வீட்டுச் சாம்பாரையும் ஒரே வாளியில் ஊற்றி, 'மதராஸி சாப்பாடு' என்று எவனாவது டெல்லியில் போர்டு வைத்தால் இங்கே எவ்வளவு கோபம் வரும்? சீனாவுக்கும் அதே கோபம் வரலாம். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சமையலை எட்டுப் பெரும் பிரிவாக எண்ணுவது வழக்கம்: ஷான்டோங், சிச்சுவான், குவாங்டோங், ஜியாங்சு, செஜியாங், ஃபூஜியன், ஹூனான், அன்ஹுய். சிச்சுவானில் மிளகாயோடு நாக்கை மரக்க வைக்கும் ஒரு மிளகும் சேரும். குவாங்டோங்கில், அதாவது கான்டன் பக்கத்தில், மீனை ஆவியில் வேகவைத்து, இஞ்சியும் சோயாவும் விட்டுச் சாதுவாக முடித்துவிடுவார்கள். வட சீனாவில் காலங்காலமாகக் கோதுமைதான். நூடுல்ஸும் ஆவியில் வேகவைத்த ரொட்டியும். மூன்று வேளையும் சோறு இருந்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்கிற டெல்டாக்காரனை அங்கே ஒரு வாரம் விட்டால் அழுதுவிடுவான்.

ஆக, 'நல்ல சைனீஸ்' என்று தேடுவதே கொஞ்சம் மொட்டையான தேடல். எந்த மாகாணத்துச் சமையல் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் திருக்காட்டுப்பள்ளியில் மட்டும் இல்லை, இங்கிருந்து பூதலூர் வழியாகத் தஞ்சாவூர் வரைக்கும், அந்தப் பக்கம் கல்லணை வழியாகத் திருச்சி வரைக்கும் தேடினாலும் விடை ஒன்றுதான்: எங்கே போனாலும் அதே ஃபிரைட் ரைஸ், அதே கோபி மஞ்சூரியன், அதே 'ஷெஸ்வான்'.

ஏன் அப்படி? பெரிய ஊர் இல்லை என்பது காரணம் இல்லை. உலகத்தில் நல்ல மாகாணச் சீனச் சாப்பாடு கிடைக்கும் பல இடங்கள் புறநகர்தான். லாஸ் ஏஞ்சலஸுக்கு வெளியே மான்டெரே பார்க், வான்கூவருக்குப் பக்கத்தில் ரிச்மண்ட், டொரான்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோ, மார்க்கம். இதைப்பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டைலர் கோவன் 2012-இல் ஒரு புத்தகமே எழுதினார். நகரத்து நடுவில் வாடகை அதிகம். அங்கே கடை போட்டவர் எல்லோருக்கும் பிடிப்பதைத்தான் விற்றாக வேண்டும். வாடகை குறைந்த புறநகர்க் கடை வரிசையில் இருப்பவர் தன் ஊர்க்காரர்களை மட்டும் நம்பிக் கடை நடத்தலாம் என்பது அவருடைய வாதம். சரியான வாதம், ஆனால் பாதிதான். வாடகை குறைவாக இருந்தால் மட்டும் போதும் என்றால் திருக்காட்டுப்பள்ளி இந்நேரம் உலகத்தின் சாப்பாட்டுத் தலைநகரமாகி இருக்க வேண்டுமே! வேண்டியது, குறை சொல்லும் வாடிக்கையாளர். "எங்க அம்மா இப்படிப் பண்ண மாட்டாங்க" என்று முகத்தைச் சுளிக்க அந்த மாகாணத்து ஆள் நூறு பேராவது அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்தபிறகு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக்காரர்களை நம்பியே கொரியச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. தமிழனுக்காகக் காரம் கூட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

டெல்டாவுக்குச் சீனத் தொடர்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சோழர் தூதுக்குழு 1015-இல் சீனத்து சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. குலோத்துங்கன் காலத்தில் 1077-இல் இன்னொன்று. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் சீனக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. காசு வந்தது, பட்டு வந்தது, பீங்கான் வந்தது. அடுப்படியில் 'சீனச்சட்டி'யும் டப்பாவில் 'சீனி'யும் பெயரளவிலாவது உட்கார்ந்திருக்கின்றன. சாப்பாடு மட்டும் வரவில்லை, சமைக்கிறவர்கள் இங்கே குடியேறவில்லை என்பதால்.

குடியேறியது கல்கத்தாவில். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் டோங் ஆச்சு என்பவர் ஹூக்ளிக் கரையில், பட்ஜ் பட்ஜ் பக்கத்தில், சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். பின்னால் வந்தவர்களில் ஹக்கா மக்கள் டாங்ராவில் தோல் பதனிட்டார்கள். ஆனால் 1962 போர் வந்ததும், இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3000 பேரை ராஜஸ்தானில் தியோலி முகாமில் அடைத்தது அரசாங்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், குழந்தைகள், கிழவிகள் உட்பட. சிலர் சில வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தார்கள். நிறையப் பேர் நாட்டை விட்டே போனார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் ஆலைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னபோது, மிச்சமிருந்த டாங்ராக்காரர்கள் பலருக்குச் சாப்பாட்டுக் கடையே பிழைப்பு. கனடாவுக்குப் போனவர்கள் அங்கேயும் அதே சமையலை 'ஹக்கா' என்ற பெயரில் விற்கிறார்கள். ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கும் அதே வட்டாரத்தில் அந்த ஹக்கா கடைகளும் உண்டு. பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் போட்ட சில்லி சிக்கன் அங்கே கனடாச் சாப்பாடு!

கோபி மஞ்சூரியனுக்கும் இதே பூர்வீகம்தான். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் பம்பாய்க்குப் போய், 1975-இல் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக்கொண்டிருந்தபோது உண்டாக்கியது சிக்கன் மஞ்சூரியன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாகச் சோயா சாஸ் விட்டு, கார்ன்ஃபிளவர் கரைத்து ஊற்றியது. மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாது. சிக்கன் போய்க் காலிஃபிளவர் வந்தது நம் சைவர்களின் கைங்கர்யம். 2020-இல் கல்வான் மோதலுக்குப் பிறகு ராம்தாஸ் அத்வாலே, அப்போது மத்திய இணையமைச்சர், சீனச் சாப்பாட்டை விற்கும் கடைகளைத் தடை செய்ய வேண்டும் என்றார். அப்படித் தடை போட்டிருந்தால் பெய்ஜிங்கில் ஒருத்தருக்கும் ஏப்பம்கூட நின்றிருக்காது. நஷ்டம் முழுக்க இங்கே பேருந்து நிலையத்து ஓரத்தில் சட்டி கிளறுகிறவருக்குத்தான்.

இனி பஸ் ஸ்டாண்டு கட்சி. தள்ளுவண்டியில் கிடைப்பது கேவலமான நகல் இல்லை, அது தனி வம்சம் என்பதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒன்பதாவது மாகாணம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் "கிடைக்குதே, அது போதும்" என்பதுதான் தப்பு. தனி வம்சம் என்றால் அதற்கும் தரம் உண்டு, அதற்கும் குறை சொல்லும் ஆள் வேண்டும். பிரியாணியில் ஒரு உப்பு கூடினால் ஊரைக் கூட்டுகிறவர்கள் ஃபிரைட் ரைஸ் என்றால் எதைக் கொட்டினாலும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுகிறார்கள்.

எதைப் பார்ப்பது? முதலில் நிறம். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் போடக் கூடாது என்று தடை போட்டது. அதற்கு முன் எடுத்த 171 மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை என்று வந்தது. டார்ட்ரசைன், சன்செட் யெல்லோ, கார்மோசின் போன்ற சாயங்கள். அதே வருஷம் பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது ரோடமின்-பி சாயத்துக்காக. காலிஃபிளவர் வெள்ளை, சோயா சாஸ் கறுப்பு. இரண்டும் சேர்ந்தால் பழுப்புதான் வர வேண்டும், ரத்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? (திருவையாறு அசோகாவும் சிவப்புத்தானே என்று யாராவது கேட்பார்கள். அதையும் இதே கண்ணோடு பாருங்கள் என்பதுதான் பதில்.)

சாயத்தைக் கண்டு பயப்படாதவர்கள் அஜினோமோட்டோ என்றால் அலறுவது விநோதம். அது சீனாவே இல்லை. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தது. தக்காளியிலும் அதே குளூட்டமேட் உண்டு. 1968-இல் ஒரு மருத்துவ இதழுக்கு ஒருவர் எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பியது 'சைனீஸ் ரெஸ்டாரன்ட் சிண்ட்ரோம்' என்ற பெயர். பின்னால் வந்த ஆய்வுகள் சாதாரண அளவுக்கு அதைத் திடமாக நிரூபிக்கவில்லை. அதற்காகக் கை நிறைய அள்ளிப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. பூண்டும் இஞ்சியும் குறைந்த இடத்தில்தான் அந்த வெள்ளைப் பொடி கூடும், நாக்கே சொல்லிவிடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது சோற்றுக்கு. ஃபிரைட் ரைஸுக்கு ஆறிய சோறுதான் சரி. ஆறும்போது மாவுச்சத்து இறுகி, பருக்கை ஒட்டாமல் நிற்கும். ஆனால் மத்தியானம் வடித்ததை ராத்திரி பத்து மணி வரை சித்திரை வெயிலிலும் புழுக்கத்திலும் திறந்த அண்டாவில் வைத்தால் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அரிசியில் இருக்கும் அதன் வித்துகள் கொதியில் சாவதில்லை. அது கக்கும் வாந்தி நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போவதில்லை. இதற்கே 'ஃபிரைட் ரைஸ் நோய்' என்று பெயர் உண்டு. ஆகவே முதல் கேள்வி "சாதம் எப்ப வடிச்சது அண்ணே?" என்பதாக இருக்கட்டும். நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார். பரப்பி ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கிறவர் பெருமையோடு சொல்லுவார்.

அடுத்தது தீ. பெரிய பர்னரில் சட்டி புகையும் அளவுக்குச் சூடேறி, ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு பிளேட் மட்டும் போட்டால்தான் அந்தக் கருகல் வாசனை வரும். கான்டன்காரர்கள் அதைச் சட்டியின் மூச்சு என்பார்கள். கூட்டம் தள்ளுகிறதே என்று ஆறு பிளேட்டை ஒரே சட்டியில் போட்டால் சோறு வறுபடாது, வேகும். அதனால் கூட்டம் இருக்கும் கடைதான் நல்ல கடை என்ற பழைய சூத்திரம் இங்கே தலைகீழ். ஏழு மணிக்குப் போகிறவருக்கும் ஒன்பது மணிக்குப் போகிறவருக்கும் ஒரே கடையில் இரண்டு சாப்பாடு.

அந்த ஏழு மணி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சின்ன ஊர்களில் வண்டிக் கடை பெரும்பாலும் ராத்திரிக் கடை. சில இடத்தில் டாஸ்மாக் கடைக்குத் தொடுகறி. அங்கே நின்று சூடாகச் சாப்பிடுவது ஆண்பிள்ளைகள். கல்லூரிக்குப் போய்வரும் பெண்கள் சாப்பிடுவது, அண்ணனோ அப்பாவோ வாங்கிவந்த பார்சல். அது வீடு வந்து சேரும்போது அந்த மூச்சு நின்று போயிருக்கும். ஊரில் நல்ல சைனீஸ் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு ஊரில் பாதிப் பேரால் பதில் சொல்லவே முடியாது. நாலு நாற்காலி, ஒரு டியூப் லைட், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்பு. இதைச் செய்கிற கடை எதுவோ, அதற்கு மற்ற குறைகளுக்குக் கொஞ்சம் மார்க் போடலாம்.

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் டெல்டாவில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஹொக்கியன், தியோச்சு, ஹைனான் என்று மாகாண வித்தியாசம் தெரிந்த நாக்கு அவர்களுடையது. அங்கே மஞ்சள் நூடுல்ஸை வாங்கி மிளகாய் விழுதும் தக்காளியும் போட்டுக் கிளறி, 'மீ கோரெங்' என்று ஊரையே வரிசையில் நிற்க வைத்தவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். சிங்கப்பூரின் தெருக்கடைப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் பட்டியலில் சேர்த்தபோது அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அந்த நாக்குகள் ஊருக்குத் திரும்பியதும் ஏன் மௌனமாகிவிடுகின்றன?

கடைசியாக அரிசி. நாலு பக்கமும் நெல் விளையும் ஊரில், 1922-இலிருந்து ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நடக்கும் ஜில்லாவில், ஃபிரைட் ரைஸுக்குப் பாஸ்மதி என்று வடக்கேயிருந்து மூட்டை இறங்குகிறது. 'பாஸ்மதி யூஸ் பண்றோம்' என்பது போர்டில் பெருமை வேறு. சீனாவில் புகழ்பெற்ற யாங்சோ ஃபிரைட் ரைஸுக்குப் பாஸ்மதி தெரியாது. பொன்னியையோ பிபிடியையோ பச்சரிசியாக வாங்கி, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, முக்கால் பதத்தில் வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்தால் போதும். வெங்காயத்தாளும் முட்டையும் பூண்டும் சேர்த்து அதை நல்ல தீயில் புரட்ட ஒரு மாஸ்டர் துணிந்தால், விலையும் பத்து இருபது ரூபாய் குறையும். கேட்க ஆள் இருந்தால் ஒரு நாள் போட்டுப் பார்க்க எந்த மாஸ்டருக்கும் கஷ்டமில்லை. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, ஆறரை மணிக்குள் போய்க் கேளுங்கள்.