ராசி பார்த்துப் புத்தகம் கொடுக்கலாமா?

ஜவளகிரியில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. ராகிக் கதிர் முற்றி நிற்கிறது. பன்னேருகட்டா காட்டுப் பக்கமிருந்து யானைகள் வரும் காலம் என்பதால் ராத்திரி முழுக்கக் கொல்லைக் காவல், தகர டப்பா சத்தம். தூக்கம் வராமல் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். 'உங்கள் ராசிக்கு ஏற்ற புத்தகம்' என்று தலைப்பு, கீழே பன்னிரண்டு கட்டம். மேஷத்துக்குச் சாகசக் கதை, கடகத்துக்குக் குடும்பக் கதை, சிம்மத்துக்குத் தலைவர்கள் வரலாறு, விருச்சிகத்துக்கு மர்மக் கதை. ரிஷபம் பொறுமைசாலியாம், அதனால் சமையலும் தோட்டமும். அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "சார், என் பிறந்த நாள் மே 10. ரிஷபம்னு வருது. சமையல் புத்தகம்தான் எனக்கு. அவ்வளவுதானா சார் நான்?"

சிரிப்புப் பொம்மை போட்டுத்தான் அனுப்பியிருந்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் ராசிக் கணக்கு. ஆங்கில மாதத் தேதியை வைத்து ராசி சொல்வது மேல்நாட்டு முறை. அதில் சூரியன் நின்ற இடம் கணக்கு. நம் வழக்கத்தில் ஒருவர் ராசி என்றால் பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம். சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டேகால் நாள்தான் ஆகும். ஆக ஒரே மாதத்தில் பிறந்தவர்கள் பன்னிரண்டு ராசியிலும் இருப்பார்கள். சரி, சூரியனையே எடுத்துக்கொண்டாலும் மே 10 என்பது நமக்குச் சித்திரை மாதம். நம் பஞ்சாங்கப்படி சூரியன் அன்று மேஷத்தில்தான் இருக்கிறான். அந்தப் படத்தைப் போட்டவர் மேல்நாட்டுக் கட்டத்துக்கு நம் ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டார். ஜாதகத்தை நம்புகிறவர்களுக்கும் அது உதவாது, நம்பாதவர்களுக்கும் உதவாது.

இன்னொரு சங்கதி, இது நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் புரியும். உங்களில் எத்தனை பேருக்குச் சான்றிதழில் மே மாதமும் ஜூன் மாதமும் பிறந்த தேதியாக இருக்கிறது? எண்ணிப் பாருங்கள். ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பல வீடுகளில் தேதி எழுதி வைக்கும் பழக்கம் கிடையாது. அப்பாவைக் கேட்டால், "நீங்களே போட்டுக்குங்க சார்" என்பார். நாங்களும் விரல் விட்டு எண்ணி, ஒரு மே மாதத் தேதியைப் போட்டுவிடுவோம். அப்படி எத்தனையோ பிள்ளைகளுக்கு என் கையாலேயே பிறந்த நாள் எழுதியிருக்கிறேன். இந்தப் பெண்ணின் மே 10-ம் நான் எழுதியதுதான். அவள் அம்மா சொன்ன கணக்கு வேறு: "ராகி அறுக்கிற சமயம் சார், கொல்லைக்குள்ள யானை வந்த வருஷம்." அப்படியென்றால் கார்த்திகையோ மார்கழியோ. அவளை ரிஷப ராசிக்காரி ஆக்கியது எந்தக் கிரகமும் இல்லை, என் பேனா.

"ஆனா சார், அதுல போட்டிருக்கிற குணம் எனக்கு அப்படியே பொருந்துதே" என்று சிலர் சொல்வீர்கள். 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் 'இதுதான் உன் குணம்' என்று ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். அந்த வரிகளை அவர் பெட்டிக்கடையில் விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 'வெளியே தைரியமாக இருந்தாலும் உள்ளே ஒரு கவலை உண்டு' என்று எழுதினால் யாருக்குத்தான் பொருந்தாது?

இதற்காக ராசி பார்க்கிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். நம் ஊரில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் யுகாதி அன்று பஞ்சாங்கம் படிப்பதை இன்றும் போய்க் கேட்கிறேன். ராசிக்கு ராசி ஆதாயம் இவ்வளவு, விரயம் இவ்வளவு, ராஜபூஜ்யம் இவ்வளவு, அவமானம் இவ்வளவு என்று எண் சொல்வார்கள். அவமானம் கூடுதலாக வந்த ராசிக்காரரை அன்று முழுக்கக் கிண்டல் செய்வோம். அது ஒரு சந்தோஷம். அந்த வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து என் தங்கை மகள்கூட பத்து வருஷத்துக்குப் பிறகு ஒரு நாவல் வாங்கினாள். எந்தச் சாக்கில் புத்தகம் வீட்டுக்குள் வந்தாலும் எனக்குச் சம்மதமே.

என் பயம் வேறு. 'உன் குணம் இது, ஆகவே உனக்கு இதுதான்' என்று சொல்லும்போது மற்ற பதினொரு கட்டத்தையும் மூடிவிடுகிறோம். அந்தத் தப்பை ராசி பார்க்காமலேயே நான் செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை கடைசிப் பீரியடில் நூலக அலமாரியைத் திறந்து புத்தகம் கொடுப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? துறுதுறுவென்று இருக்கிற பையனுக்குத் துப்பறியும் கதை. முதல் ரேங்க் வாங்குகிறவனுக்கு விஞ்ஞானி வரலாறு. வாயே திறக்காமல் கடைசி வரிசையில் உட்காரும் பெண்ணுக்கு நீதிக்கதை. முகத்தைப் பார்த்தவுடன் கை தானாக எடுக்கும். இந்த மாணவிக்கு இரண்டு வருஷம் நீதிக்கதையாகவே கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டு போய், திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஒரு நாள் நான் படிக்கவென்று மேசையில் வைத்திருந்த 'சாயாவன'த்தைக் காட்டி, "இதை எடுத்துக்கட்டுமா சார்?" என்றாள். சா. கந்தசாமி எழுதிய நாவல், 1969-ல் வந்தது. கரும்பாலை கட்டுவதற்காக ஒருவன் ஒரு பெரிய வனத்தையே வெட்டியும் எரித்தும் அழிக்கிற கதை. "உனக்குக் கஷ்டமா இருக்கும்மா" என்று சொல்லியும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து வந்து, "அந்தக் காட்டுல இருந்ததெல்லாம் எங்க சார் போயிருக்கும்? நம்ம ஊருக்கு யானை வருதே, அது மாதிரியா?" என்று கேட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவளுக்குக் கேள்வி இல்லாமல் இல்லை. கேள்வி வருகிற புத்தகத்தை நான் கொடுக்கவில்லை. அவள் இன்று ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள், கம்பெனி பஸ்ஸில் படிக்கிறாள். "அவ்வளவுதானா சார் நான்?" என்று அவள் கேட்டபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது அதனால்தான்.

புத்தகத்தையும் ஆளையும் பொருத்திப் பார்ப்பதை ஒரு தொழிலாகவே செய்து காட்டியவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது ஒரு விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. இதற்கு அவர் காட்டிய வழி எளிது. அலமாரியைத் திறந்து வை, வருகிறவரிடம் பேசு, என்ன தேடுகிறார் என்று கேள். 'இன்ன மாதிரி ஆளுக்கு இன்ன புத்தகம்' என்று முன்கூட்டியே பூட்டி வைக்கவில்லை. நான் ரங்கநாதனைப் பற்றிப் பாடம் நடத்தினேன், ஆனால் அலமாரிச் சாவியை என் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன்.

ஆகவே என் பரிந்துரையையும் சொல்லிவிடுகிறேன். இதில் ராசி கிடையாது. உங்களுக்குப் பிடித்ததில் ஆரம்பித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' படியுங்கள். தெலுங்கு தேசத்திலிருந்து வந்து கரிசல் மண்ணில் ஊர் அமைத்தவர்கள் கதை. உங்கள் பாட்டி குரல் கேட்கும். யானை என்றாலே பட்டாசும் பயமும்தான் என்று இருப்பவர்கள் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' படியுங்கள். டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற உண்மையான கால்நடை மருத்துவரை வைத்து எழுதியது. பயிர் போன நஷ்டத்தை அது ஈடுகட்டாது, ஆனால் எதிரே நிற்கிற உயிரைக் காட்டும். இராமாயணம், பாரதம் இரண்டையும் கேட்டிருக்கிறோம், படித்ததில்லை என்பவர்களுக்கு ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்', 'வியாசர் விருந்து'. அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கம்தான். கன்னடக்காரரோடு தினமும் வேலை செய்கிறவர்கள் விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்' எடுங்கள். தமிழில் கிடைக்கிறது, சின்னப் புத்தகம். திடீரென்று பணம் வந்த ஒரு பெங்களூர்க் குடும்பம். நிலம் விற்ற காசு வந்த வீடுகள் நம் பக்கமும் இருக்கின்றன அல்லவா?

இதில் உங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று தோன்றுவதை இரண்டாவதாகப் படியுங்கள். நம்மைப் போலவே இருக்கிற புத்தகம் சுகமாக இருக்கும். நம்மைப் போல இல்லாதவனின் கதைதான் பக்கத்து வீட்டுக்காரனைப் புரிய வைக்கும். மூன்று மொழி பேசுகிற எல்லை ஊரில் வாழும் நமக்கு அது முக்கியம்.

பெற்றோராக ஆகிவிட்ட என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விஜயதசமி அன்று பிள்ளையை மடியில் வைத்து அரிசியில் எழுதப் பழக்குகிறோம். எந்த ராசிப் பிள்ளையானாலும் அதே 'அ'தான். அதற்கப்புறம் ஏன் பிரிக்க வேண்டும்? அடுத்த முறை ஓசூர் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகும்போது பிள்ளை கையில் இருநூறு ரூபாய் கொடுத்து, ஒரு மணி நேரம் நீங்கள் வாயைத் திறக்காமல் இருங்கள். எதை எடுத்து வருகிறது என்று பாருங்கள்.

அந்த மாணவிக்கு இன்றுதான் பதில் போட்டேன்: "அவ்வளவுதான் இல்லையம்மா. மே 10 நான் போட்ட தேதி, அதை நம்பாதே. சமையல் புத்தகம் வேண்டுமானால் அதையும் படி. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, அலமாரி திறந்தே இருக்கும்."

உங்களுக்கும் அதேதான். வருகிறவர்கள் இருட்டுவதற்கு முன் கிளம்பும்படி வாருங்கள், வழியில் யானை நடமாட்டம் இருக்கிறது. உங்களுக்குத் தவறான புத்தகமாகக் கொடுத்தே காலத்தை ஓட்டியிருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். திருத்திக்கொள்ள எனக்கு இன்னும் வயது இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்,
ஜவளகிரி.