மடிக்கணினியும் மகளின் கழுத்து வலியும்

இல்லமும் நலமும்



சென்ற திங்களில் தாய் ஒருவரிடமிருந்து மடல் ஒன்று வந்தது. பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மடலில் உள்ள துயரம் இன்று பல இல்லங்களில் உள்ளது என்பதால், அதன் சாரத்தை இங்கே தருகிறோம்.

"ஐயா, என் மூத்த மகள் 2020-ஆம் ஆண்டு ஊரடங்குக் காலம் முதலாக வீட்டிலிருந்தே மடிக்கணினியில் வேலை செய்து வருகிறாள். காலை 9 மணிக்குக் கட்டிலில் ஏறித் தலையணையில் சாய்ந்தாளானால், உணவு வேளை தவிர இரவு வரை எழுவதில்லை. முதலில் கண் எரிச்சல் என்றாள். பிறகு கழுத்து வலி என்றாள். இப்போது நள்ளிரவில் விழித்தெழுந்து வலக்கையை உதறுகிறாள். தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், குறைந்தபாடில்லை. அவளுடைய சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பும் வீட்டுக் கடனும் நடக்கின்றன. நாங்கள் வருந்துவோமென்று வலியை மறைக்கிறாள். வேலையை விட்டுவிடு என்று சொல்வதா, பொறுத்துக்கொள் என்று சொல்வதா?"

அம்மா! இரண்டும் வேண்டா. வேலையை விடவும் தேவையில்லை. வலியைப் பொறுக்கவும் தேவையில்லை. மாற்ற வேண்டியது அவர் அமரும் முறையையும், இடையறாது அமர்ந்திருக்கும் வழக்கத்தையுமே.

பழைய நோய், புதிய கருவி

அமர்ந்து எழுதுவோருக்கு வரும் வலி கணினியோடு பிறந்ததன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1713-இல் அதனை விரிவாக்கினார். எழுத்தர்களின் நோய்க்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: ஓயாது அமர்ந்திருத்தல், கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல், பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்னும் மன இறுக்கம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறகுப் பேனா பிடித்தவர்களைப் பற்றி அவர் சொன்னது, இன்று விசைப்பலகையைத் தட்டும் நம் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது அன்றோ?

ஆயினும் இக்கருவிக்கென்றே தனியான ஒரு குறை உண்டு. அதை அறிந்துகொண்டால் பாதி நோய் தீர்ந்தது எனலாம்.

குறை எங்கே உள்ளது?

மேசைக் கணினியில் திரை வேறு, விசைப்பலகை வேறு. திரையைக் கண்ணுக்கு நேராகவும், விசைகளைக் கைக்கு வாகாகவும் வைத்துக்கொள்ள இயலும். மடிக்கணினியிலோ இரண்டும் ஒரு கீலினால் பிணைக்கப்பட்டுள்ளன. எடுத்துச் செல்லும் வசதிக்காகவே அவ்வாறு செய்தார்கள். 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1 என்னும் 'தூக்கிச் செல்லும் கணினி' ஏறத்தாழ 11 கிலோ எடை கொண்ட பெட்டி. அடுத்த ஆண்டிலேயே, பில் மாக்ரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர் வடிவமைத்த கிரிட் காம்பஸ் என்னும் கணினியில், திரை விசைப்பலகையின் மேல் சிப்பிபோல் மடிந்து மூடிக்கொண்டது. இன்றைய மடிக்கணினி யாவும் அந்த வடிவத்தின் வழிவந்தவையே.

பயணத்தில் எடுத்துச் செல்ல ஏற்ற அக்கருவி, நாளெல்லாம் உழைக்கும் கருவியாக நம் வீடுகளில் அமர்ந்துவிட்டது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையின்றி அதனை வழங்கத் தொடங்கியபோது, மேசையில்லாத இல்லங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது, கட்டிலும் தரையும் அலுவலகமாயின.

இதன் விளைவைப் பாருங்கள். விசைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால், திரை தாழ்ந்துவிடும், கழுத்து குனியும். திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால், கைகள் அந்தரத்தில் தூக்கியபடி நிற்கும், தோள் நோகும். கழுத்து, தோள் இவ்விரண்டுள் ஒன்று பலியாகியே தீரும். ஆகவே "நிமிர்ந்து உட்கார்" என்று மகளை நூறு முறை கடிந்துகொள்வதால் பயனில்லை. குனிய வைப்பது கருவி.

உடலில் நிகழ்வது என்ன?

நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது முதுகெலும்பு அதனை எளிதில் தாங்கும். குனியக் குனியச் சுமை பெருகும். அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, 15 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் சுமார் 12 கிலோவும், 60 பாகை குனிந்தால் சுமார் 27 கிலோவும் அழுத்துகின்றன. இது மாதிரி வரைந்து கணித்ததேயன்றி, ஒவ்வொருவர் கழுத்தையும் அளந்து கண்டதன்று. ஆயினும் உண்மை விளங்குகிறது: 25 கிலோ அரிசிச் சிப்பத்தைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை செய்ய யாரால் இயலும்?

அடுத்து, கண். இயல்பாக நாம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறோம். திரையை உற்று நோக்கும்போது அது பாதியாகவும், அதற்கும் குறைவாகவும் ஆகிவிடுகிறது. கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சல் உண்டாகிறது. எழுத்துச் சிறிதாகத் தெரிந்தால் முகத்தை முன்னே நீட்டுகிறோம்; கண்ணின் குறையைக் கழுத்து சுமக்கிறது.

இனி, கை. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் இடையே குறுகிய வழி ஒன்று உண்டு. அதனூடே 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. மணிக்கட்டை வளைத்தபடி வைத்திருந்தால், அங்கே அழுத்தம் மிகும். நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகும். இரவில் விழிக்க நேரும். கையை உதறினால் சற்றே சுகம் தோன்றும். மருத்துவர் இதனைக் கார்ப்பல் டன்னல் என்பர். தட்டச்சு மட்டுமே இதற்குக் காரணமென்று எல்லா மருத்துவரும் ஒப்புவதில்லை. நீரிழிவு, தைராய்டு குறைவு, கருவுற்ற காலம் ஆகியவற்றாலும் இது வரும். அம்மா! தங்கள் மகள் இரவில் கை உதறுவது இத்தகையதாக இருக்கலாம். தைலத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்தில் கவனித்தால், இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றே பலருக்குப் போதுமானதாகிறது. காலம் தாழ்த்தினால் கட்டைவிரலின் அடித்தசை மெலிந்து, பிடிக்கும் வலிமை குன்றும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒழுங்கு

முதலாவது, பிணைந்திருப்பதைப் பிரியுங்கள். தனி விசைப்பலகை ஒன்றும் மௌஸ் ஒன்றும் வாங்குங்கள். எளிய வகைகள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. மாதந்தோறும் தைலத்திற்குச் செலவிடுவதை எண்ணினால் இது பெரிதன்று.

இரண்டாவது, மடிக்கணினியை உயர்த்துங்கள். தடித்த அகராதிகளோ, வீட்டில் கிடக்கும் மணைப்பலகையோ போதும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ, சற்றுத் தாழ்ந்தோ இருக்கட்டும். கையை நீட்டினால் விரல்நுனி தொடும் தொலைவில் திரை இருக்கட்டும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், முகத்தை நீட்டாதீர்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிவோர் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே பார்ப்பதற்காகத் தலையை மேல்நோக்கி அண்ணாத்துவர். அவர்களுக்குத் திரை இன்னும் தாழ்ந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கட்டிலை விட்டிறங்கி நாற்காலிக்கு வாருங்கள். முதுகின் இடுக்கில் சுருட்டிய துவாலை ஒன்றை வையுங்கள். முழங்கை உடலையொட்டித் தொங்க, முன்கை தரைக்கு இணையாக, மணிக்கட்டு வளையாமல் இருக்கட்டும். உணவு மேசை பெரும்பாலும் இதற்குச் சற்று உயரமானது. அப்படியானால் மடித்த சமுக்காளத்தைப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள். கால் தொங்கினால் பாதத்தின் கீழ் ஒரு பலகை இடுங்கள்.

நான்காவது, சன்னல் பக்கவாட்டில் அமையட்டும். எதிரே இருந்தால் கண் கூசும்; பின்னே இருந்தால் திரையில் பளபளக்கும். மின்விசிறியின் காற்று நேரே கண்ணில் படாதிருக்கட்டும்.

தரையில் அமர்ந்தே பழகியவர்களும் உண்டு. அவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து, அந்நாளில் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்தது போன்ற சாய்வு மேசை ஒன்றை முன்னே வைத்துக்கொள்ளலாம். தனி விசைப்பலகை வாங்க இயலாதோர், படிக்கும் வேளையில் கணினியை உயர்த்தியும், தட்டும் வேளையில் தாழ்த்தியும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். மடியில் மட்டும் நெடுநேரம் வைத்திருக்க வேண்டா. அதன் வெம்மை நாள்தோறும் பட்டால், தொடையில் வலைபோன்ற கருஞ்சிவப்புத் தழும்பு விழும்.

எழுந்து நடத்தலே மருந்து

இவ்வளவும் செய்துவிட்டு மூன்று மணி நேரம் சிலைபோல் அமர்ந்திருந்தால், மீண்டும் வலிக்கும். எவ்வளவு நல்ல இருக்கை முறையாயினும், நெடுநேரம் நீடித்தால் தீயதாகிவிடும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். நீர்க்குவளையை மேசையில் வைக்காமல் அடுக்களையில் வையுங்கள். தாகம் உங்களை நடக்க வைக்கும். தொலைபேசி வந்தால் நின்றபடி பேசுங்கள். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 நொடி நோக்குங்கள். வாசலிலுள்ள வேப்பமரம் போதும். ஓய்வு வேளையில் கைப்பேசியை எடுத்துக் குனிவது ஓய்வாகாது.

தசைக்கு வலிமையும் வேண்டும். அடிக்கடி கழுத்து, தோள் வலியால் வருந்திய 198 பேரைக் கொண்டு டென்மார்க்கில் செய்த ஆய்வொன்று 2011-இல் வெளியாயிற்று. ரப்பர்க் குழாயை இழுத்துக் கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியை, வாரத்தில் 5 நாள், நாளுக்கு 2 நிமிடம் செய்தவர்களுக்கு 10 வாரங்களில் வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இரண்டே நிமிடம்! அரை லிட்டர் நீர்ப்புட்டி ஒன்றை ஒவ்வொரு கையிலும் ஏந்தியும் இதனைத் தொடங்கலாம்.

தாமதிக்கக் கூடாதவை

கையில் வலுக்குறைவு, நீங்காத மரமரப்பு, கழுத்திலிருந்து கைவிரல் வரை பாயும் வலி, காய்ச்சலோடு கூடிய முதுகு வலி ஆகியவற்றுக்கு மருத்துவரை நாடுங்கள். சிறுநீரை அடக்க இயலாமையும், தொடையிடுக்கில் உணர்வின்மையும் தோன்றினால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மார்பில் இறுக்கமும் வியர்வையுமாக இடத்தோள் வலித்தால், அது கணினியால் வந்ததென்று எண்ணி ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம்.

இல்லத்தாரின் பங்கு

அம்மா! இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நாளெல்லாம் விசைகளைத் தட்டிய அதே கைதான், மாலையில் மாவு பிசைகிறது, துணி பிழிகிறது, தேங்காய் துருவுகிறது. அலுவலக வேலை, வீட்டு வேலை என்று மணிக்கட்டு பிரித்தறியாது. வீட்டிலேயே இருக்கிறாள் என்பதால் அவர் ஓய்வாக இருக்கிறார் என்று பொருளன்று. கை குணமாகும் வரையிலாவது துணி பிழிவதையும் தேங்காய் துருவுவதையும் தம்பி ஏற்றுக்கொள்ளட்டும். அவனது படிப்புக்கும் அக்கையின் கைதானே உழைக்கிறது!

மடி என்னும் சொல்லுக்குச் சோம்பல் என்றும் பொருளுண்டு. திருக்குறளில் மடியின்மை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் மடிக்கணினியால் நோவுறுவோர் சோம்பர் அல்லர். எழுந்தால் வேலை கெடுமே என்று அஞ்சி, அசையாது உழைப்பவர்களே. அத்தகைய பிள்ளைக்கு, "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்ற சொல் வேண்டா. "எழுந்து வா, கொஞ்ச நேரம் முற்றத்தில் நடப்போம்" என்று அழைக்கும் குரலே வேண்டும்.

இம்மடலைப் படித்த இன்றே, தங்கள் இல்லத்தில் யார் எங்கே அமர்ந்து வேலை செய்கிறார்கள் என்று ஒருமுறை சென்று பாருங்கள். வலிக்கிறதா என்று கேளுங்கள். மறைத்துவைத்த வலிகள் பல, அன்புடன் ஒருவர் கேட்டவுடனே வெளிப்படும்.