வாரியமும் கணக்கும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், உத்திரமேரூர் தாலுகா கிராமவாசிகளுக்கு வானத்தைப் பற்றிய கவலையோடு மின்கம்பியைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ளுகிறது. காற்றில் கம்பம் சாய்ந்தால், விளக்கு அணைவதோடு துன்பம் நிற்பதில்லை. குடிதண்ணீர்த் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் நின்றுபோகும். கிணற்றுப் பாசனம் நிற்கும். இருட்டு நீடித்தால் செல்போன் கோபுரமும் ஊமையாகிவிடும். விபத்தைத் தெரிவிக்கும் சாதனமே விபத்தில் மடிந்துபோவது கிராமத்திற்கென்று வாய்த்த துர்ப்பாக்கியம்.

2016 டிசம்பர் 12-ந் தேதி சென்னையருகே கரையேறிய வர்தா புயல், சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் ஜில்லாக்களில் ஆயிரக்கணக்கான கம்பங்களை வீழ்த்தியது. 2018 நவம்பரில் வேதாரண்யத்தருகே புகுந்த கஜா புயலில் சேதமான கம்பங்கள் ஒரு லட்சத்திற்கும் மேல். அப்பொழுது சேற்றிலும் மழையிலும் நின்று கம்பியிழுத்த தொழிலாளர்களைத் தமிழ்நாடு மறக்கலாகாது. நம்முடைய குறை அவர்கள்மீது அன்று. துணைமின் நிலையத்தில் தொடங்கி, பெரிய கம்பி, டிரான்ஸ்பார்மர், வீதிக் கம்பி என்ற வரிசையிலேயே வேலை நடந்தாக வேண்டுமாதலால், கோடியிலுள்ள குடிசை கடைசியில்தான் ஒளி பெறும். அதை ஜனங்கள் பொறுப்பார்கள். ஆனால், தங்கள் முறை எப்பொழுது வருமென்றும், தங்கள் புகார் ஏட்டில் ஏறியதா இல்லையா என்றும் அறியாமல் இருட்டில் காத்திருப்பதை எப்படிப் பொறுப்பது?

புயல் தெய்வச் செயலல்லவா என்று அதிகாரிகள் கேட்கலாம். வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு இந்த வாதம் புதிதன்று. புயல் தெய்வச் செயலே. ஆனால், அடி வெடித்துச் சாய்ந்து நிற்பதாக ஆடி மாதத்திலேயே எழுதிக் கொடுத்தும் மாற்றப்படாத கம்பம் கார்த்திகையில் விழுமாயின், அது மனிதரின் அசிரத்தையேயன்றி வேறில்லை. மின்விநியோகஸ்தருக்குச் சேவைத் தரங்களை விதித்து, தவறினால் நஷ்டஈடு கொடுக்கவும் 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 57-வது பிரிவு இடம் செய்கிறது. சாலையில் அறுந்து கிடந்த கம்பியினால் ஒருவர் மாண்ட வழக்கில், மத்தியப் பிரதேச மின்சார வாரியம் சொன்ன சமாதானங்களை ஏற்காமல், சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் அவ்வாரியத்தையே பொறுப்பாக்கிற்று. அபாயகரமான பொருளைக் கையாளுவோர், தம்மிடம் கவனக்குறைவு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் ஏழையின் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆயினும் நியாயஸ்தலம் சாட்சியம் கேட்கும். தேதியிட்ட புகாரே குடியானவனின் சாட்சியம்.

ஆகையால், ஜனங்களுக்கும் கடமை உண்டு. 2021 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்ட மின்னகத்தில் இரவும் பகலும் டெலிபோன் மூலம் புகார் ஏற்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், "எங்கள் ஊரில் கரண்ட் இல்லை" என்று கூவிவிட்டு ஓய்ந்துவிடுவது போதாது. கம்பத்தின் எண், டிரான்ஸ்பார்மர் நிற்கும் இடம், கம்பி அறுந்ததா மரம் விழுந்ததா, எத்தனை மணிக்கு என்ற விவரங்களோடு சொல்ல வேண்டும். சொன்னதைக் குறித்தும் வைக்க வேண்டும். டெலிபோன் ஊமையானால் ஆளை அனுப்ப வேண்டும். அறுந்த கம்பியின் அருகே ஒருவரையும் விடலாகாது. தாமே டிரான்ஸ்பார்மரில் ஏறிப் பீஸ் போடும் வீரம் நமக்கு வேண்டாம்.

வாரியம் என்ற சொல்லை உத்திரமேரூராருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரிலுள்ள முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் கி.பி. 919, 921-ம் ஆண்டுகளுக்கு உரியவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையால் ஆட்களைத் தெரிந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே அந்நாளில் இடமிருந்தது. பெண்களுக்கும் மற்றையோருக்கும் இல்லை. அந்தக் குறையை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்திற்கு வரலாகாது. மின்விநியோகம் செய்யும் ஸ்தாபனத்திற்கு இன்று கழகம் என்ற பெயர் வந்திருப்பினும், ஜனங்கள் வாயில் அது மின்சார வாரியமே. பெயர் நிலைத்த இடத்தில் விதியும் நிலைக்க வேண்டாமா?

நாம் கேட்பது பெரிய செலவன்று. ஒவ்வோர் ஊராட்சியும் ஐப்பசிக்கு முன்பே நான்கு பேரை நியமித்து, ஊரெல்லை முழுதும் நடந்து, பழுதான கம்பங்களையும் கம்பிமேல் சாய்ந்த மரங்களையும் ஜாபிதா எடுத்து வாரியத்திடம் கொடுத்து ரசீது பெற வேண்டும். புகார் வந்த நாழிகை, சீர்செய்த நாழிகை, தாமதத்தின் காரணம் ஆகிய மூன்றையும் வாரியத்தார் ஊராட்சி ஆபீஸ் பலகையில் எழுதிவைக்க வேண்டும். கிராமசபையில் அதைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய ஊருக்கு, இன்று கரும்பலகையில் எழுதுவது அரிதாகாது.